கறுத்த புளி: களப்பணியாளர்களைச் சந்தைக்கு அழைத்துப்போன ஒரு பயிற்சியின் கதை

2018 ஐப்பசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கிடங்கைத் திறந்து காட்டினார்கள். உள்ளே 40 மூட்டைப் புளி. மாசியில் வாங்கி அடுக்கியபோது செம்பழுப்பாக, எடுத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற நல்ல புளி. மழைக்காலம் வந்ததும் கரியாகிவிட்டது. மண்டிக்காரர்கள் மூன்று பேர் வந்து சாக்கைக் கிழித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மற்ற இருவரும் வாங்கின விலைக்கும் கீழே கேட்டார்கள். புளி வாங்கப் போட்ட பணத்தில் பாதி, மகளிர் குழுக்களின் சேமிப்பு.

இதைச் செய்த களப்பணியாளர்கள் அசட்டையானவர்கள் இல்லை. வெயிலில் ஊர் ஊராக அலைந்து, குழுக்களைக் கூட்டி, "வியாபாரி கொள்ளையடிக்கிறான், நாமே வாங்கி, நாமே வைத்திருந்து, விலை ஏறும்போது நாமே விற்போம்" என்று பேசி நம்பிக்கை ஊட்டியவர்கள். அறுவடைக் காலத்தில் விலை இறங்கும், மழைக்காலத்துக்குப் பிறகு ஏறும் என்ற அவர்கள் கணக்கும் தப்பில்லை. வியாபாரி ஏன் கையிலிருக்கும் சரக்கைக் குளிர்பதனக் கிடங்குக்கு அனுப்புகிறார் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் கிடைத்திருக்கும்: நிறம்.

நானும் அப்படிப் பேசி வளர்ந்தவள்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியதே தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது, 2004இல்தான் தனி மாவட்டமானது. அந்த அலையில் பின்னால் வந்து சேர்ந்த களப்பணியாளர்களில் நான் ஒருத்தி. தீர்மானப் புத்தகம் எழுதவும், குழுவுக்குள்ளேயே கொடுத்துவாங்கும் உள்கடன் கணக்குப் பார்க்கவும், வங்கி மேலாளரிடம் பேசவும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மண்டியில் ஒரு மூட்டை எப்படிக் கைமாறுகிறது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இடைத்தரகரை ஒழித்தால் ஏழை பிழைப்பான் என்பது மட்டும், எந்தப் பாடத்திலும் எழுதாமலே எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்த நிறுவனமும் அக்கம்பக்கத்து மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 22 களப்பணியாளர்களுக்கு, ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து வாங்குபவர் வரை எப்படிப் போகிறது என்று பார்க்கும் மதிப்புச் சங்கிலிப் பயிற்சி தரும்படி என்னிடம் கேட்டார்கள். 3 நாள், ஒரு மண்டபம், மதியச் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ் என்று வழக்கமான ஏற்பாடு. நான் 11 நாள் கேட்டேன். அதில் 4 நாள் மட்டும் கூடத்துக்குள். மீதி 7 நாளும் 2019 மாசியிலும் பங்குனியிலும், புளி உலுக்கும் காலத்தில், சரக்கு போகும் பாதையிலேயே. ஐப்பசியில் புளிச் சங்கிலியைப் படிப்பது, தேர் போன பிறகு தேரோட்டம் பார்ப்பதுபோல.

முதல் நாள் சுவரில் ஒட்டிய படம்

மதிப்புச் சங்கிலி என்ற சொல்லை மைக்கேல் போர்ட்டர் 1985இல் பிரபலமாக்கியபோது, ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் வேலைகளைப் பிரித்துப் பார்க்கத்தான் அதைக் கையாண்டார். பிறகு அது ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து தின்கிற வாய் வரை போகும் பாதை முழுவதையும் குறிக்கும் சொல்லாக விரிந்தது. எங்கள் பக்கம் உலக வங்கி உதவியோடு 120 ஒன்றியங்களில் வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டம் இந்தச் சொல்லை ஊராட்சிவரை கொண்டுவந்தது. ஆகவே வந்தவர்கள் எல்லோருக்கும் சொல் தெரிந்திருந்தது. "புளி மரத்திலிருந்து ரசம் வரை படம் போடுங்கள்" என்றேன்.

நான்கு குழுக்கள், நான்கு படங்கள். எல்லாவற்றிலும் ஐந்தே பெட்டி: விவசாயி, தரகர், மண்டி, கடை, வீடு. தரகர் பெட்டிக்கு மட்டும் சிவப்பு மை. ஒரு குழு அதில் கொம்பு வைத்த முகமே வரைந்திருந்தது.

நான் எதையும் திருத்தவில்லை. படங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டு மறுநாள் காலை 5 மணிக்கு வண்டி ஏறச் சொன்னேன். இப்படிப்பட்ட பயிற்சிகளில் முதல் நாளே சரியான படத்தைத் திரையில் காட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. அதனால் வரும் கேடு பெரிது. தன் கையால் வரைந்த தப்பான படத்தைத் தானே அடித்துத் திருத்தியவர் அதை மறக்கமாட்டார். திரையில் பார்த்த சரியான படம் மண்டப வாசலைத் தாண்டாது.

மரத்தடியில்

முதலில் மரம் யாருடையது என்ற கேள்வியிலேயே பாதி நாள் போயிற்று. பட்டா நிலத்து வரப்பு மரம் ஒரு வகை. சாலையோர மரங்கள் ஏலத்தில் போகின்றன. மலைப்பக்கம் போனால் காட்டு மரம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்மீது அங்குள்ள பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. வீட்டுக் கொல்லை மரமும் உண்டு. நான்கு வகைக்கும் பணம் நான்கு விதமாக நடக்கிறது. "விவசாயி" என்று ஒரே பெட்டி போட்டவர்கள் அன்று மதியமே அதை நான்காக உடைத்தார்கள்.

அடுத்தது, புளியை விற்பவர் பெரும்பாலும் புளியைக் கண்ணால் பார்ப்பதே இல்லை என்பது தெரிந்தது. அவர் விற்பது மரத்தை. ஆனி, ஆடியில் பூ, பிஞ்சு பார்த்துக் குத்தகை பேசி முன்பணம் வாங்கிவிடுகிறார். பழம் கனிய மாசியாகும். நடுவில் காற்றடிக்கலாம், பூ கொட்டலாம், ஒரு வருஷம் நன்றாகக் காய்த்த மரம் மறு வருஷம் ஓய்வெடுக்கலாம். புளிக்கு அந்தக் குணம் உண்டு. அத்தனை பயமும் குத்தகைக்காரர் தலையில். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு தோப்பில் நின்றிருந்த குத்தகைக்காரரிடம், அவர் அடிமாட்டு விலைக்கு எடுக்கிறாரே என்று எங்கள் பெண் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். அவர் கோபிக்கவில்லை.

"ஏம்மா, ஆடி மாசம் அவரு பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்னு வந்தாரு. பூவப் பார்த்துப் பணம் குடுத்தேன். காயாகுமா காத்துல போவுமான்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு உங்க ஆபீஸ்ல யாரு குடுத்திருப்பா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது என் பாடம் இல்லை. குத்தகை விலை குறைவுதான். அதில் சந்தேகமே வேண்டாம், அவசரத்தில் இருப்பவனிடம் பேசும் விலை அது. ஆனால் அந்தக் குறைந்த விலைக்குள் ஒரு கடனும் ஒரு காப்பீடும் அடங்கியிருக்கின்றன. தரகரை ஒழிக்க வேண்டுமென்றால் ஆடி மாதம் கல்லூரிக் கட்டணத்தையும் காற்றடித்தால் வரும் நட்டத்தையும் யார் ஏற்பது என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் 40 மூட்டை வாங்கியதில்தான் பிழை தொடங்கியது.

அன்று மரத்தடியில் இன்னொன்றும் நடந்தது. கிளையில் நின்று உலுக்கிக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து தண்ணீர் குடித்தார். கால் முழுக்கச் சிராய்ப்பு. அவர் அண்ணன் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருப்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். திரும்பும் வழியில் பாலக்கோட்டிலிருந்து வந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "மேடம், நாம போட்ட நாலு படத்துலயும் மரம் ஏறுறவர் இல்ல."

கொட்டை எடுக்கும் திண்ணையில்

பயிற்சியின் மையம் இந்த நாள்தான். உலுக்கிய பழத்தை வெயிலில் காயவைத்து, ஓடு நொறுங்கத் தட்டி, நார் உரித்து, கொட்டையெடுக்கும் வேலை வீட்டுத் திண்ணைகளில் நடக்கிறது. செய்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார், முடித்ததை எடைபோட்டு எடுத்துக்கொள்கிறார், கூலி கிலோ கணக்கு. ஏழைகளுக்கு உதவப் புறப்பட்ட திட்டத்துக்கு இந்தச் சங்கிலியில் இவர்களைவிட முக்கியமானவர்கள் இல்லை. ஆனால் எங்கள் 22 பேரின் படத்தில் இவர்களும் இல்லை. அத்தனைக்கும் இந்தப் பெண்கள் எல்லோரும் அந்த 22 பேர் நடத்தும் குழுக்களின் உறுப்பினர்கள்.

ஒவ்வொரு களப்பணியாளரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து அரை நாள் கொட்டை எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கேள்விப் படிவம் கிடையாது. கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும்.

பென்னாகரத்துப் பெண்ணுக்குக் கிடைத்த பேச்சு எங்கள் பயிற்சியின் போக்கையே மாற்றியது. திண்ணைக்காரப் பாட்டி புளிமேல் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"தண்ணி பட்டா கொட்ட வழவழன்னு கழண்டு வந்துரும் கண்ணு. பொழுது சாயறதுக்குள்ள நாலு கிலோ பாக்கணுமில்ல."

"தண்ணி பட்டா புளி கறுத்துடாதா பாட்டி?"

"கறுக்கும். கறுத்தா எனக்கென்ன? செவப்பா இருந்தாலும் அதே கூலி, கருப்பா இருந்தாலும் அதே கூலிதான குடுக்கறாரு."

அந்தப் பாட்டி சொன்ன ஒரே வாக்கியத்தில் கிடங்கில் கிடந்த 40 மூட்டைக்கு விடை இருந்தது.

கணக்கு

மறுநாள் கூடத்தில் கணக்குப் போட்டோம். விகிதம் நூல்களில் உள்ளது: புளியம்பழத்தில் ஏறத்தாழ 55 சதவீதம் சதை, 34 சதவீதம் கொட்டை, 11 சதவீதம் ஓடும் நாரும். விலைகள் மட்டும் பயிற்சிக்காக நாங்கள் வைத்துக்கொண்ட முழு எண்கள். இவற்றைச் சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

100 கிலோ தோட்டுப்புளி, அதாவது ஓடு உரிக்காத புளி, கிலோ 30 ரூபாய்க்கு, 3000. காயவைத்துத் தட்டும் கூலி 250. கொட்டை எடுக்க 55 கிலோவுக்குக் கிலோ 12 வீதம் 660. சாக்கு, வண்டி, ஏற்றிறக்கு 240. ஆகச் செலவு 4150. வரவு, 55 கிலோ சதை 90 வீதம் 4950. 34 கிலோ கொட்டை 10 வீதம் 340. கொட்டை வீணல்ல, அதைப் பொடித்து நூலுக்குக் கஞ்சி போட நெசவாலைகளுக்கு வாங்கிப் போகிறார்கள். மொத்தம் 5290. மிச்சம் 1140.

"பாருங்க, 1140!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெற்றியோடு எழுந்தது. தொடர்ந்து எழுதச் சொன்னேன். மண்டிக் கமிஷன் 5 சதவீதம் என்றால் சுமார் 250. பணம் 5 மாதம் முடங்கிக் கிடக்கிறது, மாதம் 2 வட்டி, 415. மிச்சம் 475. இதில் 15 கிலோ கறுத்துப்போய்க் கிலோ 90க்குப் பதில் 60க்குத் தள்ளினால் 450 போய்விடும். மிச்சம் 25 ரூபாய்.

கூடம் அமைதியாக இருந்தது. வியாபாரிக்கு 475 கிடைக்குமா 25 கிடைக்குமா என்பதை முடிவு செய்வது நிறம். நிறம் இருப்பது திண்ணையில், பாட்டியின் கையில். ஆனால் அந்தக் கைக்கு நிறத்துக்காகத் தனியாக ஒரு காசும் கிடைப்பதில்லை. பென்னாகரத்துப் பெண் எழுந்து கரும்பலகைக்கு வந்து, யாரும் கேட்காமலே எழுதினாள்: சிவப்புக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் கூடக் கொடுத்தால் 55 கிலோவுக்கு 165. காப்பாற்றுவது 450.

நான் 11 நாள் கேட்டது இந்த ஒரு நிமிடத்துக்காக. இந்த வரியை நான் எழுதிக் காட்டியிருந்தால் குறிப்பேட்டில் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

வடையும் பழைய வழக்கமும்

ஏழைகளுக்கு நேராக எதையும் கொடுக்காமல், அவர்கள் வாங்கி விற்கும் சந்தையில் உள்ள அடைப்பைச் சரிசெய்யப் பார்க்கும் சந்தை அமைப்பு அணுகுமுறையைச் சொல்லிக்கொடுக்க பிரிட்டன், சுவிட்சர்லாந்து அரசுகளின் உதவி அமைப்புகள் 2008இல் வெளியிட்ட வழிகாட்டிகளில் ஒரு வட்டப்படம் உண்டு. நான் அதை மெதுவடை என்று சொல்லித்தான் எப்போதும் விளக்குவேன். நடுத்துளையில் வாங்குதலும் விற்றலும். வடையின் மேல் பாதி அதைத் தாங்கும் பணிகள்: கடன், விலைத் தகவல், கிடங்கு, வண்டி, கைத்திறன். கீழ்ப் பாதி விதிகள்: சட்டம், வரி, ஏல முறை, ஊர் வழக்கம். துளையில் தெரியும் நோய்க்கு வேர் பெரும்பாலும் மாவில் இருக்கும்.

புளிக்கு வடை போட்டபோது மேல் பாதியில் குளிர்பதனக் கிடங்கு வந்தது. காலையில் ஆந்திராவின் இந்துப்பூர்ப் புளிச் சந்தை நிலவரத்தைத் தொலைபேசியில் கேட்ட பிறகே இங்குள்ளவர்கள் விலை சொல்கிறார்கள் என்பதும் வந்தது. கீழ்ப் பாதியில் வரி. காய்ந்த புளிக்கு ஜி.எஸ்.டி. முதலில் 12 சதவீதமாக இருந்து 2017 செப்டம்பர் கூட்டத்தில் 5 ஆகக் குறைந்தது. நாங்கள் பயிற்சி நடத்தியபோதும் 5தான்; அதே 2019 அக்டோபரிலிருந்து முழுவதும் நீங்கியது. விதிகளை யாராலும் மாற்ற முடியாது என்று நினைத்திருந்தவர்களுக்குப் பிற்பாடு இதை அனுப்பிவைத்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, எழுதப்படாத விதி ஒன்று: "கொட்டைக்கூலி ஒரே கூலி." எத்தனை வருஷ வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. அடைப்பு அங்கேதான்.

சரி, என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு வந்த முதல் பதில்களை அப்படியே தருகிறேன், ஏனென்றால் களப்பணியாளர் பயிற்சியில் மிகக் கடினமான இடம் இது. "தார்ப்பாய் வாங்கிக் கொடுக்கலாம்." "கொட்டை எடுக்கும் இயந்திரம் வாங்கிக் குழுவுக்குக் கொடுக்கலாம்." "சிவப்புப் புளிக்கு நம்ம திட்டத்துல ஊக்கத்தொகை கொடுக்கலாம்." நான்கு நாள் மண்டியிலும் திண்ணையிலும் கழித்த பிறகும் கை திட்டப் பணத்தைத்தான் தேடுகிறது. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மார்ச் 31க்குள் செலவு காட்டு, பயனாளி எண்ணிக்கை காட்டு என்று ஆண்டுக்கணக்கில் பழக்கப்படுத்தியவர்கள் வேறு ஆட்கள்.

வங்கதேசத்துக் கதை ஒன்றை அங்கே சொன்னேன். 2002 முதல் 2018 வரை ஸ்விஸ்கான்டாக்ட் அமைப்பு அங்கே கேட்டலிஸ்ட் என்ற திட்டத்தை நடத்தியது. வீட்டுத் தோட்டம் போடும் ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல காய்கறி விதை கிடைக்கவில்லை. நிறுவனங்களின் பொட்டலம் பெரிது, விலை அதிகம், ஆகவே சந்தையில் குவித்து அளந்து விற்கும் தரம் தெரியாத விதையை வாங்கினார்கள். இலவச விதை கொடுப்பது சுலபம். அந்தத் திட்டம் விதை நிறுவனங்களிடம் போய், சிறிய பொட்டலம் போட்டால் புதிய வாடிக்கையாளர் கூட்டமே இருக்கிறது என்று காட்டியது. தொடக்க முயற்சியின் ஆபத்தில் பங்கெடுத்துக்கொண்டது. பொட்டலத்தைப் போட்டதும் விற்றதும் நிறுவனங்கள்தான். இலவசமாகக் கொடுத்திருந்தால் திட்டம் முடிந்த வருஷமே விதையும் முடிந்திருக்கும்.

பிறகு ஒரு கட்டம் போட்டோம்: இந்த வேலையை இன்று யார் செய்கிறார், யார் காசு கொடுக்கிறார், நாம் போன பிறகு யார் செய்வார், யார் கொடுப்பார். கடைசிப் பத்தியில் தங்கள் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது. தார்ப்பாய் யோசனை அந்தக் கட்டத்தில் அடிபட்டுப்போனது. சிவப்புக்குக் கூடக் கூலி என்ற யோசனை தாக்குப்பிடித்தது, ஏனென்றால் அதற்குக் காசு கொடுக்க வியாபாரிக்குக் காரணம் இருந்தது.

மண்டியில் பேசியது

கடைசி இரண்டு நாள் வியாபாரிகளிடம் நேராகப் பேசப் போனார்கள். என்ன பேசக்கூடாது என்பதற்கே ஒரு மாலை முழுவதும் ஒத்திகை. "ஏழைப் பெண்களுக்கு உதவுங்கள் அண்ணே" என்று தொடங்கினால் அவர் சட்டைப்பையிலிருந்து 500 ரூபாய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் கணக்கை அவரிடமே பேச வேண்டும்.

ஏழு வியாபாரிகள். நான்கு பேர் காது கொடுக்கவில்லை. ஒருவர், கூலியை ஏற்றிவிட்டால் பக்கத்து வியாபாரி தன்னைத் திட்டுவார் என்றார். அதுவும் ஒரு விதிதான், குறித்துக்கொண்டோம். இன்னொருவர் யோசிக்கிறேன் என்றார். குளிர்பதனக் கிடங்குக்கு வாடகை கட்டிச் சரக்கு வைக்கும் ஒருவர் மட்டும் கணக்குத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "கெடங்குல வைக்கற சரக்கு செவப்பா இருந்தாத்தான் வைக்கற காசுக்கு அர்த்தம். ஆனா செவப்பு எது கருப்பு எதுன்னு திண்ணையில யாரு சொல்றது? அவங்க ஒண்ணு சொல்வாங்க, என் ஆளு ஒண்ணு சொல்வான்."

நாங்கள் நினைத்தே பார்க்காத கேள்வி. பென்னாகரத்துப் பெண்தான் வழி சொன்னாள்: மூன்று நிறத்து மாதிரிப் புளியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஊருக்கு ஒன்று வைப்பது, எடுக்கவருபவரிடமும் அதே மூன்று பாட்டில். திட்டம் செய்த மொத்தச் செலவு அந்தப் பாட்டில்களும், இரண்டு ஊர்த் திண்ணைகளில் ஈரம் படாமல் கொட்டை எடுப்பதைப் பற்றி உட்கார்ந்து பேசிய நான்கு மாலைகளும். பாட்டிலை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும், உள்ளேயே கறுத்துவிடும் என்பதைப் பிறகு அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

பிறகு

அந்தப் பருவத்தின் மிச்ச நாட்களில் இரண்டு ஊர்களில் சிவப்புக்கு 3 ரூபாய் கூடக் கிடைத்தது. தண்ணீர் தெளிப்பது ஏறக்குறைய நின்றது. ஆனால் தெளிக்காமல் எடுத்தால் வேலை மெதுவாகிறது. நாளுக்கு ஒரு கிலோ குறைந்தால் கூடுதல் கூலி அதிலேயே கரைகிறது என்று ஒரு அக்கா மனக்கணக்காகச் சொன்னார். அவர் சொன்னது சரி. வேகமாகக் கை ஓடுபவர்களுக்கு லாபம் இல்லை, வயதானவர்களுக்கு இருந்தது. பயிற்சிக் கூடத்துக் கரும்பலகையில் நாங்கள் வியாபாரியின் நேரத்துக்கு வட்டி போட்டோம். பெண்களின் நேரத்துக்குப் போடவில்லை. அந்தக் கணக்கு இப்போது என் பாடத்தில் முதலில் வருகிறது.

2020 மாசியில் அந்த ஊர்களில் காய்ப்பு குறைவு. சரக்குத் தட்டுப்பாட்டில் எந்த நிறமானாலும் வியாபாரிகள் அள்ளினார்கள், கூலி வித்தியாசம் காணாமல் போனது. மரம் ஓய்வெடுக்கும் என்று மரத்தடியிலேயே கேட்டவர்கள்தான் நாங்கள். அதைத் திட்டத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. மார்ச் கடைசியில் ஊரடங்கும் வந்து வண்டிகள் நின்றன.

அதற்கு அடுத்த பருவத்தில் நாங்கள் யாரும் போய்ப் பேசாமலே அந்த வியாபாரி கூலி வித்தியாசத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். "யோசிக்கிறேன்" என்று சொன்னவர் வேறு ஒரு ஊரில், பாட்டில் இல்லாமல், தன் கண் அளவில் அதைத் தொடங்கியிருந்தார். கண் அளவு என்பதால் அங்கே சண்டையும் நடக்கிறது. இரண்டு வியாபாரிகளை வைத்து வழக்கம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பணம் ஒரு பைசா இல்லாமல் நடந்தது என்பதை அறிக்கையில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

அறிக்கையைப் படித்த நிதி தருபவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, பயனாளிகள் எத்தனை, ஆளுக்கு எவ்வளவு செலவானது என்பது. களப்பணியாளருக்குப் பயிற்சி கொடுத்து, அவருடைய மேலாளருக்கும் பணம் தருபவருக்கும் கொடுக்காவிட்டால், கற்றது ஓர் ஆண்டுகூடத் தாங்காது. 22 பேரில் 9 பேர் மூன்று வருஷத்துக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களில் சிலர் திரும்பவும் தையல் இயந்திரம் வழங்கும் விழா நடத்துகிறார்கள், அவர்களுக்கு அதுதான் இலக்கு. அடுத்த பயிற்சிகளில் முதல் இரண்டு நாள் மேலாளர்களும் திண்ணையில் உட்கார வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்துக் கேட்கிறேன். இதுவரை ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மரம் ஏறுகிறவர்கள் விஷயம் மிக மெதுவாகத்தான் நகர்ந்தது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம்; 2022 மே வரை அது 12 ரூபாய்தான். தொகை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிவது மே மாதக் கடைசியில். புளி முடிந்து, ஏறுகிறவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் நேரம், கணக்கில் பணம் இருப்பதில்லை. பாலக்கோட்டுப் பெண் இதை ஒரு வருஷம் தோண்டிக் கண்டுபிடித்தாள். போன பங்குனியில் அவள் ஊத்தங்கரைக் குத்தகைக்காரரிடம் போய், அவர் தோப்புகளில் ஒரு பருவத்துக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் விரல்விட்டு எண்ணி, 14 என்றாராம். பருவக் கடைசிக் கூலியோடு ஆளுக்கு 20 ரூபாயைக் கணக்கில் போட்டுவிட முடியுமா என்று கேட்டதற்கு, "14 பேரோட பாஸ்புக் நம்பரை எழுதிக் கொண்டா, பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். 11 பேருடையது கிடைத்துவிட்டது. மூன்று பேருக்குக் கணக்கே இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் வங்கிக்குப் போகப் போகிறாள்.